வயலின் பரப்பும் குழியின் கொள்ளளவும்

உழவுத் தொழிலில் அளவின்றி நடக்கும் காரியம் ஒன்றுமில்லை. விதை ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டே விதைக்கப்படுகிறது. உரமும் பூச்சிமருந்தும் நிலத்தின் பரப்பைக் கொண்டே சிபாரிசு செய்யப்படுகின்றன. கிணறு வெட்டுதல், குட்டை தோண்டுதல், வண்டல் எடுத்தல் முதலிய வேலைகளுக்குக் கூலியைக் கன அளவின்படி தீர்ப்பதே முறை. நிலம் விற்பதும் வாங்குவதும் குத்தகைக்கு விடுவதும் சென்டுக் கணக்கிலேயே நடைபெறுகின்றன. அங்ஙனமிருந்தும், இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகிய உருவங்களின் இயல்பை அறிந்து அளப்பவர் சிலரே. மற்றையோர் கண்மதிப்பையும் காலடியையும் நம்பி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நஷ்டமடைகின்றனர். இந்த நஷ்டம் பூச்சியாலும் வறட்சியாலும் வருவதன்று. ஒரு நாடாவும் நான்கு முளைகளும் கொண்டு தடுக்கக் கூடியதேயாகும்.

மூவகை அளவுகள்

நீளம் மாத்திரம் உடையது கோடு. வரப்பு, வேலி, வாய்க்கால் ஆகியவற்றின் நீளத்தை மீட்டரில் அளக்கிறோம். நீளமும் அகலமும் உடையது தட்டை உருவம். வயல், களம், நாற்றங்கால் ஆகியவற்றின் பரப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இதனைச் சதுர மீட்டரில் கூறவேண்டும். நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம் ஆகிய மூன்றும் உடையது கன உருவம். கிணறு, எருக்குழி, வைக்கோற்போர், நெல் அம்பாரம் ஆகியவை இவ்வகையின; இவற்றின் கொள்ளளவைக் கன மீட்டரில் கூறவேண்டும்.

10,000 சதுர மீட்டர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏக்கருக்கு 100 சென்டு. ஒரு சென்டு 435.6 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் கொண்ட தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இவ்வளவு நினைவிலிருந்தால் பண்ணைக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் போதும். ஒருவகை அளவை மற்றொரு வகை அளவுக்குப் பதிலாகக் கொள்வதே பிழைகளுக்கெல்லாம் மூலகாரணமாகும்.

சுற்றளவு பரப்பாகாது

ஒரு வயலைச் சுற்றிவர எவ்வளவு நேரமாகிறதோ அதைக்கொண்டு அதன் பரப்பை மதிப்பிடும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. இது முற்றிலும் தவறான முறை. 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள சதுரமான வயலின் சுற்றளவு 400 மீட்டர்; பரப்பு 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். 180 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள நீள்சதுர வயலின் சுற்றளவும் 400 மீட்டரே. ஆனால் அதன் பரப்பு 3,600 சதுர மீட்டர் மாத்திரமே. ஏறக்குறைய 89 சென்டு. இரண்டையும் சுற்றிவர ஒரே நேரம் செல்லும். இரண்டுக்கும் வேலி போட ஒரே செலவாகும். விளைச்சலுக்குரிய நிலமோ ஒன்றில் மற்றொன்றைப்போல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்.

பாகப்பிரிவினையின்போது நிலத்தை ஒடுங்கிய நீண்ட துண்டுகளாகப் பிரித்துக்கொள்பவர்கள் இதனைக் கருத வேண்டும். பரப்புக் குறையாவிட்டாலும், வரப்புக்கும் வேலிக்கும் செலவு மிகும். வரப்பு அடைக்கும் இடமும் மிகும்.

நான்கு பக்கங்கள் மட்டும் போதா

நம் வயல்களிற் பல சரியான சதுரமோ நீள்சதுரமோ அல்ல. நான்கு பக்கங்களும் வெவ்வேறு நீளமுள்ளவை. இத்தகைய வயலை அளக்கையில், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கிப் பரப்பைக் கூறுவது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். கி.பி. 628-ல் தம் நூலை இயற்றிய பிரம்மகுப்தர் இம்முறையைக் கூறுமிடத்து, இது ஸ்தூலமான கணக்கே, நுட்பமான கணக்கன்று என்று பிரித்துக் காட்டியுள்ளார். 1150-ல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர் இன்னும் ஒருபடி சென்று, மூலைவிட்டத்தையோ செங்குத்தளவையோ கூறாமல் நான்கு பக்கங்களை மாத்திரம் கூறிப் பரப்பைக் கேட்பவனையும், அதற்கு விடை கூறுபவனையும் கடிந்துரைத்துள்ளார்.

இதன் காரணத்தை ஒரு தச்சுவேலையில் கண்கூடாகக் காணலாம். நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து ஒரு படல் செய்தால், அது நிலையாக நில்லாது. தள்ளினால் ஒருபக்கம் சாயும். சட்டங்களின் நீளம் மாறுவதில்லை. ஆனால் சாயச் சாய, உள்ளே அடங்கும் பரப்புக் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் ஒன்றுமில்லாமற் போகிறது. மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால் படல் அசையாது. ஏனெனில் நாற்கோணம் இரண்டு முக்கோணங்களாகி விடுகிறது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் உருவமும் பரப்பும் முடிவாகிவிடும். நாற்கோணத்துக்கு அத்தகைய உறுதி இல்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வயலின் பக்கங்கள் வரிசையாக 60, 80, 75, 35 மீட்டர் என இருக்கின்றன. 60 மீட்டர் பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குள்ள மூலைவிட்டம் 100 மீட்டர். வழக்கமான கணக்குப்படி, 60-ஐயும் 75-ஐயும் கூட்டிப் பாதியாக்க 67.5, 80-ஐயும் 35-ஐயும் கூட்டிப் பாதியாக்க 57.5, இரண்டையும் பெருக்க 3,881 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 96 சென்டு வருகிறது.

இனி மூலைவிட்டத்தைக் கொண்டு கணக்கிடுவோம். மூலைவிட்டத்தின் ஒருபக்கத்து மூலைக்குச் செங்குத்தளவு 48 மீட்டர். மறுபக்கத்து மூலைக்கு 21 மீட்டர். முதல் முக்கோணத்தின் பரப்பு 100-ஐ 48-ஆற் பெருக்கிப் பாதியாக்க 2,400; இரண்டாவதன் பரப்பு 100-ஐ 21-ஆற் பெருக்கிப் பாதியாக்க 1,050. ஆக மொத்தம் 3,450 சதுர மீட்டர்; ஏறக்குறைய 85 சென்டு.

வித்தியாசம் 10 சென்டுக்கு மேல். இந்நிலத்தைப் பழைய கணக்கை நம்பி வாங்குபவர், இல்லாத 10 சென்டுக்கு விலை கொடுக்கிறார். குத்தகைக்கு எடுப்பவர் ஆண்டுதோறும் அந்த 10 சென்டுக்கும் நெல் அளக்கிறார். சொந்த நிலமாயிருப்பினும், விதையும் உரமும் மருந்தும் வேண்டியதற்குமேல் எட்டில் ஒரு பங்கு அதிகமாகச் செல்லும். தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாய்வதும் பூச்சிகள் பெருகுவதும் யாவரும் அறிந்தவையே. இப்பழைய முறை சரியான சதுரத்துக்கும் நீள்சதுரத்துக்கும் மாத்திரமே பொருந்தும். மற்றெல்லா நாற்கோணங்களிலும் அது பரப்பை மிகுத்தே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகவே இப்பிழை எப்பொழுதும் விற்பவருக்கு அனுகூலமாகவும் வாங்குபவருக்குப் பிரதிகூலமாகவுமே முடிகிறது.

வயலை அளக்கும் முறை

மூலைகளில் முளையடித்து, மிக நீண்ட மூலைவிட்டத்தின் வழியே கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு அக்கயிற்றிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக உள்ள தூரத்தை அளக்க வேண்டும். செங்குத்தை நிச்சயிப்பதற்கு 12 மீட்டர் கயிறு ஒன்றில் 3, 4, 5 மீட்டர் அளவில் முடிச்சிட்டு முக்கோணமாக விரித்தால், 3-க்கும் 4-க்கும் இடையிலுள்ள மூலை சரியான செங்கோணமாகும். கொத்தர்கள் வீட்டுக்கு மூலைமட்டம் பார்ப்பதும் இம்முறையாலேயே.

வளைந்த வரப்புள்ள இடத்தில், கயிற்றிலிருந்து 10 மீட்டருக்கு ஓரிடமாக வரப்பு வரையுள்ள செங்குத்துத் தூரங்களை அளந்து, அந்த ஒடுங்கிய துண்டுகளின் பரப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிவான மேட்டுநிலத்தில் நாடாவைத் தரையோடு படியவிடாமல் மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். ஏனெனில் பட்டாவிற் கண்ட பரப்பு மட்டத் தளத்தின் பரப்பேயன்றிச் சரிவின் பரப்பன்று. நைலான் கயிறு இழுத்தால் நீளுமாதலின், அளப்பதற்கு நாடாவையே உபயோகிக்க வேண்டும்.

அரசாங்க நில அளவையும் முக்கோணத்தையே நம்பி நிற்கிறது. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை, பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. இன்று கிராமப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தாலும், புலத்தின் குறுக்கே செல்லும் அளவுக்கோடுகளும், அவற்றிலிருந்து எல்லைக் கற்களுக்குச் செல்லும் செங்குத்தளவுகளும் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அளவுகள் பழைய படங்களில் லிங்க்ஸ் கணக்கிலும் புதியவற்றில் மீட்டரிலும் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நிலம் வாங்குபவர் பட்டாவை மாத்திரம் பாராமல் புலப்படத்தையும் வாங்கி, அதிலுள்ள அளவுகளை நிலத்தில் ஒத்துப்பார்ப்பது நலம். தகராறு உள்ள இடத்தில் நில அளவரைக் கொண்டு அளப்பதே முறை.

பயிர் அறுவடைப் பரிசோதனைச் சதுரம்

கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய உருவம் ஒன்று உண்டு. நெற்பயிரின் மகசூலை மதிப்பிடுவதற்கு, பக்கத்துக்கு 5 மீட்டர் உள்ள சதுரத்தை வயலில் குறித்து, அதனுள் விளைந்ததை அறுத்து நிறுக்கிறார்கள். அதன் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் இத்தகைய சதுரங்கள் 400 அடங்கும். ஆகவே சதுரத்தில் ஒரு கிலோ பிழைத்தால் ஹெக்டேர்க் கணக்கில் 400 கிலோ பிழைக்கும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு நிர்ணயிப்பதற்கு இப்பரிசோதனை முக்கிய ஆதாரமாதலின், இப்பிழை ஓர் ஊர் முழுவதன் வரும்படியையும் பாதிக்கும்.

நான்கு பக்கங்களும் 5 மீட்டர் இருந்தாற் போதும் என்று எண்ணலாகாது. முளைகள் சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் 8 மீட்டரும் மற்றொன்று 6 மீட்டருமாக அமைந்தாலும் நான்கு பக்கங்களும் சரியாக 5 மீட்டரே இருக்கும்; ஆனால் பரப்பு 24 சதுர மீட்டராகிவிடும். அங்ஙனமாயின் விளைச்சல் நூற்றுக்கு 4 பங்கு குறைவாகக் காணும். இரண்டு மூலைவிட்டங்களும் 7 மீட்டர் 7 சென்டிமீட்டராக ஒத்திருந்தால் மாத்திரமே அது சதுரம்.

எல்லைக் கயிற்றின்மேல் நிற்கும் பயிரைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வெளியே வேரூன்றிய குத்தை உள்ளே சேர்த்துக்கொண்டால் மகசூல் மிகுத்துக் காட்டப்படும். பக்கத்துக்கு ஒரு மீட்டருள்ள சிறு சதுரத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்புக்கு 4 மீட்டர் எல்லை உண்டு. 5 மீட்டர்ச் சதுரத்திலோ ஒரு சதுர மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் எல்லையே உண்டு. ஆதலால் சிறிய துண்டில் இப்பிழை பெரிதாகும். புள்ளியியல் நிபுணர் பி. வி. சுகாத்மே 1940-களில் ஆராய்ந்து, மிகச் சிறிய துண்டுகள் மகசூலை மிகுத்துக் காட்டுகின்றன என்று நிரூபித்தார்.

வட்டமும் கிணறும்

வட்டத்தின் சுற்றளவில் பாதியை, குறுக்களவில் பாதியாற் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். இவ்விதி கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூலிலும் கூறப்பட்டுள்ளது. குறுக்களவை 22-ஆற் பெருக்கி 7-ஆல் வகுத்தால் சுற்றளவு வரும்.

3.5 மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றின் சுற்றளவு 11 மீட்டர், வாய்ப்பரப்பு 9.625 சதுர மீட்டர். 12 மீட்டர் ஆழத்துக்கு வெட்ட 115.5 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். அதே ஆழத்துக்கு 7 மீட்டர் குறுக்களவில் வெட்டினால், சுற்றளவு 22 மீட்டர், வாய்ப்பரப்பு 38.5 சதுர மீட்டர். மண் 462 கன மீட்டர். குறுக்களவு இரட்டித்தது, மண்ணோ நான்கு மடங்காயிற்று. ஆனால் உட்சுவர் கட்டும் பரப்பு 132 சதுர மீட்டரிலிருந்து 264 சதுர மீட்டராக, இரண்டு மடங்கே ஆயிற்று. ஆகவே, "கிணறு இரண்டு பங்கு பெரிது, கூலியும் இரண்டு பங்கு" என்று பேசுபவர்களில் ஒருவர் ஏமாறுவது நிச்சயம். வெட்டுக்கூலியைக் கன மீட்டருக்கும், சுவர்க்கூலியைச் சதுர மீட்டருக்கும் தனித்தனியே பேச வேண்டும்.

பெரிய கிணற்றில் நான்கு மடங்கு தண்ணீர் தேங்கி நிற்கும் என்பது மெய்யே. ஆனால் இறைத்த பின் ஊறுவது, நீர்தாங்கும் மண்ணையும் பாறை வெடிப்பையும் பொறுத்தது. அது நான்கு மடங்காகிவிடாது. இதனை எண்ணிப் பாராமல் கடன் வாங்கிக் கிணற்றை அகலப்படுத்துவது விவேகமாகாது.

சரிந்த கரையுள்ள குட்டை

பண்ணைக்குட்டையின் கரைகளைச் செங்குத்தாக வெட்டினால் மண் சரியும். ஆதலால் அவற்றைச் சாய்வாகவே வெட்டுகிறார்கள். மேல்வாய் பக்கத்துக்கு 20 மீட்டர், அடி பக்கத்துக்கு 14 மீட்டர், ஆழம் 2 மீட்டர் உள்ள குட்டையைக் கருதுவோம். மேல்வாய்ப் பரப்பை ஆழத்தாற் பெருக்கி 800 கன மீட்டர் என்று கூறுவது தவறு. மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 196, நடு ஆழத்திலுள்ள பரப்பு 17-ஐ 17-ஆற் பெருக்க 289. நடுப்பரப்பை நான்கால் பெருக்கி, மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் கூட்டி, ஆழத்தாற் பெருக்கி, 6-ஆல் வகுத்தால் 584 கன மீட்டர் வரும். இதுவே சரியான கொள்ளளவு.

216 கன மீட்டர், அதாவது 2,16,000 லிட்டர் தண்ணீர், கணக்கில் மாத்திரம் இருந்து குட்டையில் இல்லாமற் போகிறது. 5 சென்டிமீட்டர் ஆழம் நிற்குமாறு ஓர் ஏக்கருக்குப் பாய்ச்ச ஏறக்குறைய 202 கன மீட்டர் வேண்டும். 800 கன மீட்டரை நம்பியவர் நான்கு தண்ணீர் கிடைக்குமென்று பயிர் வைப்பார். 584 கன மீட்டரிலோ மூன்று தண்ணீரும் முழுமையாகக் காணாது. கசிவும் ஆவியும் போக இன்னும் குறையும். பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் குட்டை வற்றியபின் கணக்கைத் திருத்துவதாற் பயனில்லை.

நெல் அம்பாரம்

களத்தில் குவித்த நெல் கூம்பு வடிவில் நிற்கும். ஒரே அடிவட்டமும் ஒரே உயரமும் உள்ள குதிரில் கொள்ளும் நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பில் இருக்கும். பாதி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுவது மயக்கமே. இதனைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், தகரத்தால் ஒரே வாயும் ஒரே உயரமும் உள்ள கூம்பும் உருளையும் செய்து நெல்லால் அளந்து பார்க்கலாம். மூன்று கூம்பு நெல் ஓர் உருளையை நிரப்பும்.

ஓர் அம்பாரத்தின் அடியை நாடாவாற் சுற்றி அளக்க 13.2 மீட்டர் இருந்தால் குறுக்களவு 4.2 மீட்டர். உச்சியிலிருந்து தரை வரை ஒரு கோலைச் செருகி உயரம் 1.4 மீட்டர் என்று கண்டால், அடிவட்டத்தின் பரப்பு 13.86 சதுர மீட்டர். அதனை உயரத்தாற் பெருக்கி மூன்றால் வகுக்க ஏறக்குறைய 6.47 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நெல் ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து ஏறக்குறைய 575 முதல் 600 கிலோ நிற்குமாதலின், இவ்வம்பாரம் 3,700 முதல் 3,900 கிலோ வரை இருக்கலாம். எடைக்கு எடை விற்பதே சிறந்தது. ஆனால் வியாபாரி களத்தில் நின்று கண்மதிப்பாக விலை பேசும்பொழுது, இக்கணக்குத் தெரிந்த விவசாயி எளிதில் ஏமாறமாட்டார்.

இரண்டு, நான்கு, எட்டு

மேலே கூறியவற்றின் சாரம் இது. உருவம் மாறாமல் எல்லாப் பக்கங்களும் இரட்டித்தால், நீளம் இரண்டு மடங்கும், பரப்பு நான்கு மடங்கும், கொள்ளளவு எட்டு மடங்கும் ஆகும். குறையும்பொழுதும் அப்படியே. ஓர் அம்பாரம் அகலத்திலும் உயரத்திலும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நெல்லில் நூற்றுக்கு 27 பங்கு போய்விட்டது. நாடாவில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழையிருந்தால், பரப்பில் ஏறக்குறைய இரண்டு பங்கும், கொள்ளளவில் மூன்று பங்கும் பிழைக்கும்.

இவ்விதி எருவிடுவதிலும் உதவும். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிண்ணாக்குக் கட்டியின் வெளிப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு சென்டிமீட்டர்த் துண்டுகளாக உடைத்தால் 1,000 துண்டுகளாகி, வெளிப்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகும். எடை மாறவில்லை, மண்ணோடும் ஈரத்தோடும் தொடும் பரப்புப் பத்து மடங்காயிற்று. பிண்ணாக்கைப் பொடித்து இடவேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

கைக்கொள்ள வேண்டியவை

நிலமுடையோர் தத்தம் வயல் ஒவ்வொன்றையும் கோடையில் பயிரில்லாத காலத்தில் ஒருமுறை மூலைவிட்டத்துடன் அளந்து, உருவத்தை வரைந்து, பரப்பைச் சதுர மீட்டரிலும் சென்டிலும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உரமும் மருந்தும் வாங்கச் செல்லும்பொழுது அக்குறிப்பையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். கிணறு, குட்டை வேலைகளுக்கு ஒப்பந்தம் எழுதுகையில் மேல்வாய், அடி, ஆழம் ஆகிய மூன்றையும் எழுதி, கூலியைக் கன மீட்டருக்கென்று குறிப்பிட வேண்டும். மண் எடுத்த பிறகு இருதரப்பாரும் கூடி நின்று அளக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் பயிர்ப் பரிசோதனையின்போது மூலைவிட்டங்களை அளவாமல் அரிவாளை வைக்க இடங்கொடுக்கலாகாது. பாகப்பிரிவினைக்கும் குத்தகைக்கும் யோசனை கேட்டு வருவோருக்கு, நான்கு பக்கக் கணக்கை நம்பவேண்டாமென்று எடுத்துரைப்பதும் அவர்கள் செய்யத்தக்க உபகாரமாகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கற்கும் முக்கோணமும் வட்டமும் கூம்பும் வேறெங்கோ உள்ளவையல்ல; தங்கள் வரப்புக்குள்ளும் களத்திலும் கிணற்றிலும் இருப்பவையே. விடுமுறை நாளில் பிள்ளைகளையே நாடா பிடிக்கச் செய்தால், அவர்கள் பாடமும் உறுதிப்படும். வயலின் கணக்கும் வீட்டில் நிலைக்கும்.